கன்னியர் சபை என்றால் என்ன? வன்னியிலிருந்து ஓர் எளிய விளக்கம்

வன்னியில் வளர்ந்தவர்களில் சிஸ்டர்மாரைத் தெரியாத ஆள் குறைவு. யாருக்கோ நாலாம் வகுப்பில் படிப்பித்திருப்பார், யாருடைய அக்காவோ அவர்களின் ஹொஸ்டலில் நின்று ஏ.எல். எடுத்திருப்பார், இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும் அவராகத்தான் இருக்கும். ஆனால் அந்த சிஸ்டர் யாருடைய ஆள், அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், நன்றாக நடத்திக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஏன் திடீரென்று மன்னாருக்கு மாறிப் போனார் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. கோயிலுக்கு ஒழுங்காகப் போகும் கத்தோலிக்கர்களிலேயே பலருக்குத் தெரியாது. சைவக் குடும்பத்தில் பிறந்து கொன்வென்டில் படித்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. அதனால் அடியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: சிஸ்டர் தனியாள் இல்லை. நல்ல மனம் கொண்ட ஒரு பெண் கலியாணம் கட்டாமல் ஊருக்கு உழைக்கிறாள் என்று அதைப் பார்த்தால் பாதிதான் விளங்கும். அவருக்குப் பின்னால் ஒரு சபை இருக்கிறது. ஒரே ஒழுங்கை ஏற்று, ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே பணப்பையிலிருந்து செலவழித்து, ஒரு தலைமைக்குக் கீழ்ப்பட்டு வாழ்வதாகக் கடவுள் முன்னிலையில் வாக்குக் கொடுத்த பெண்களின் கூட்டம் அது. கத்தோலிக்கத் திருச்சபை அந்த ஒழுங்கைப் படித்துப் பார்த்து அங்கீகரித்திருக்கும். ஓர் ஆயர், அதாவது பிஷப், தன் பொறுப்பில் உள்ள பிரதேசமான மறைமாவட்ட அளவில் அங்கீகரித்த சபைகள் உண்டு, ரோமின் அங்கீகாரம் பெற்று உலகம் முழுவதும் பரந்திருக்கும் சபைகளும் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சிஸ்டர் என்பவர் ஃபாதருக்கு உதவியாளர் இல்லை. அவர் குருப்பட்டம் பெற்றவர் அல்ல, பூசை வைக்கமாட்டார், பாவசங்கீர்த்தனம் கேட்கமாட்டார், அது உண்மை. ஆனால் பங்குத்தந்தை அவருடைய மேலதிகாரியும் இல்லை. ஒரு மறைமாவட்டத்தில் புதிதாக மடம் திறக்க ஆயரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், பங்குப் பணிகளில் பங்குத்தந்தையோடு சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும், அதெல்லாம் சரி. மடத்துக்குள் யார் இருப்பது, யார் எங்கே போவது, பணம் எப்படிச் செலவாகிறது என்பதெல்லாம் அந்தப் பெண்களே தீர்மானிக்கும் விஷயங்கள். நாங்கள் மதர் என்று கூப்பிடுகிற அந்த வீட்டுத் தலைவி, அவருக்கு மேலே பல மடங்களைச் சேர்த்துப் பார்க்கும் மாகாணத் தலைவி, அவருக்கும் மேலே உலகத் தலைவி, எல்லாரும் பெண்கள். தலைமைப் பதவிக்குத் தவணை உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு. நேற்றுவரை மதராக இருந்தவர் தவணை முடிந்ததும், தன்னைவிட வயதில் குறைந்த ஒருவரின் தலைமையில் சாதாரண சிஸ்டராகக் குசினிப் பொறுப்பைப் பார்ப்பார். எங்கள் சங்கங்களிலும் ஆலய பரிபாலன சபைகளிலும் இது எத்தனை இடத்தில் நடக்கும்?

அவர்கள் கொடுக்கும் வாக்கை வார்த்தைப்பாடு என்பார்கள். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று. கற்பு என்பது எல்லாருக்கும் விளங்கும்: கலியாணம் இல்லை, சொந்தமாகக் குடும்பம் இல்லை. மற்ற இரண்டும்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாதவை.

ஏழ்மையை எடுப்போம். அரச பாடசாலையில் படிப்பிக்கும் சிஸ்டருக்கு மற்ற ஆசிரியர்களைப் போலவே மாதச் சம்பளம் வருகிறது. அந்தச் சம்பளம் அவருடையது இல்லை, சபையுடையது. ஓய்வு பெற்ற பிறகு வரும் பென்சனும் அப்படியே. மடத்தில் ஒருவர் கணக்குப் பொறுப்பாக இருப்பார், எல்லாருடைய வருமானமும் அங்கே சேரும். பஸ் காசு, செருப்பு, மூக்குக்கண்ணாடி என்று தேவைப்பட்டதைக் கேட்டு வாங்க வேண்டும், வாங்கியதைக் கொப்பியில் எழுத வேண்டும். அதிபராக இருந்து லட்சக்கணக்கில் பாடசாலைக் கணக்குப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்ததும் ஒரு சோடிச் செருப்புக்குக் கேட்டு நிற்கிறார். ஒரு கூட்டுக் குடும்பத்தில் எல்லாருடைய உழைப்பும் ஒரே பெட்டிக்குள் போவது மாதிரித்தான், ஆனால் இந்தப் பெட்டியில் தனக்கென்று பங்கு கேட்டுப் பிரிந்து போகிற பேச்சே இல்லை.

சரி, பெற்றோர் எழுதி வைத்த காணி? சிஸ்டராகப் போன மகளின் காணி தானாகவே மடத்துக்குப் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது, பிள்ளை மடத்துக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சண்டை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பொதுவாக அப்படி இல்லை. இங்கே நாம் காணும் சபைகளில் பெரும்பாலானவற்றில், முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்னரே தன் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டும். உரிமை அவர் பெயரில் இருக்கலாம், ஆனால் அதை வைத்து அவர் வாழ முடியாது. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் மரணசாசனமும் எழுதிவிட வேண்டும். திருச்சபைச் சட்டத்திலேயே இது இருக்கிறது.

கீழ்ப்படிதல்தான் இடமாற்றத்துக்கான விடை. சபையின் தேவையைப் பார்த்து மாகாணத் தலைவி ஒரு கடிதம் அனுப்புவார். பேசலாம், தன் உடல்நிலையைச் சொல்லலாம், மறுபரிசீலனை கேட்கலாம். முடிவு வந்தபின் போக வேண்டியதுதான். கிளிநொச்சியில் ஆறு வருடம் பாடுபட்டுக் கட்டியெழுப்பிய ஒரு முன்பள்ளியை விட்டுவிட்டு, பிள்ளைகள் அழ அழ, ஒரு சூட்கேசோடு பஸ் ஏறுவது லேசான காரியம் இல்லை. ஊர் சனம் மதருக்கு மனு எழுதியும் பார்க்கும். ஆனால் இந்த ஒழுங்கு இருப்பதால்தான் அந்த முன்பள்ளி யாருடைய சொந்தச் சொத்தாகவும் மாறாமல் இருக்கிறது. ஒருவர் போக இன்னொருவர் வருகிறார். போனவருக்கு வருத்தம் வந்தால், இறந்துபோனால், வயது போனால் வேலை நின்றுவிடாது. தனியாளின் தொண்டுக்கும் சபையின் தொண்டுக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

ஒருநாளில் யாரும் சிஸ்டர் ஆகிவிடுவதில்லை. முதலில் சில காலம் மடத்தோடு பழகிப் பார்க்க வேண்டும். அப்புறம் நவகன்னியர் நிலை. அதற்குக் குறைந்தது 17 வயது வேண்டும், குறைந்தது 12 மாதம் அந்த நிலையில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சபையின் வரலாறு, ஒழுங்கு, செபம், தன்னைத்தானே அறிவது என்று பயிற்சி. பிறகு முதல் வார்த்தைப்பாடு, 18 வயதுக்கு முன் முடியாது. அதுவும் தற்காலிகமானது, பொதுவாக மூன்று முதல் ஆறு வருடம் வரை போகும். இந்தக் காலம் முடியும்போது அவர் சபையை விட்டுப் போகலாம், சபையும் உங்களுக்கு இது சரிவராது என்று சொல்லலாம், இரண்டு பக்கத்துக்கும் உரிமை உண்டு. 21 வயதுக்குப் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கலாம். ஆக, யாரையும் பிடித்து அடைத்து வைப்பதற்கு இங்கே இடமில்லை. நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பின்னும் மிகப் பாரமான காரணம் இருந்தால் முறைப்படி விடுதலை கேட்கலாம். அப்படி வீடு திரும்பிய பெண்களை எங்கள் சனம் ஒரு மாதிரிப் பார்ப்பதுண்டு. அது அநியாயம்.

இனி வரலாறு. ஐரோப்பாவில் நெடுங்காலம் துறவுப் பெண் என்றால் மதிலுக்குள் வாழ்பவர்தான். 16ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கமும் அதற்குப் பிறகு பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதரும் அந்த மதிலை இன்னும் இறுக்கினார்கள். வெளியே போய் நோயாளியைப் பார்க்கவோ தெருப் பிள்ளைக்குப் படிப்பிக்கவோ வழியில்லை. 1633இல் பிரான்சில் வின்சென்ட் தே பவுல் என்ற குருவும் லூயிஸ் தே மரியாக் என்ற விதவையும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: தங்கள் பெண்களை முழுமையான துறவிகள் என்று சொல்லாமல், வருடா வருடம் வாக்கைப் புதுப்பிக்கும் ஒரு கூட்டமாக வைத்து, நோயாளிகளின் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் அனுப்பினார்கள். பிற்பாடு பலர் அந்த வழியில் நடந்தார்கள். 1900ஆம் ஆண்டில்தான் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இப்படி வெளியே உழைக்கும் சபைகளையும் முறையான துறவு வாழ்வாக ஏற்றுச் சட்டம் செய்தார். இன்று நாங்கள் பாடசாலையிலும் ஆஸ்பத்திரியிலும் காணும் சிஸ்டர்மார் எல்லாரும் இந்தப் போராட்டத்தின் பலன்.

வடக்கில் வாழும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது திருக்குடும்பக் கன்னியர் சபை. அதைத் தொடங்கியவர் பிரான்சின் போர்தோ நகரத்துக் குரு பியேர் பியென்வெனு நொவாய். 1793இல் பிறந்தவர். அவர் பிறந்த காலம் பிரெஞ்சுப் புரட்சிக் காலம், மடங்கள் மூடப்பட்டு, துறவிகள் கலைக்கப்பட்டு, கோயில்கள் பறிக்கப்பட்ட காலம். 1819இல் குருவாகி, சென்ற் யூலாலி என்ற பங்கில் உதவிக் குருவாக வேலை செய்யும்போது, ஒரு தலைமுறையே படிப்பும் பராமரிப்பும் இல்லாமல் வளர்ந்து நிற்பதைக் கண்டார். 1820 மே 28இல் மூன்று இளம் பெண்களை ஒரே வீட்டில் வாழ வைத்தார். அதுதான் தொடக்கம்.

இரண்டு வருடம் முடியுமுன்னரே, 1822 பெப்ரவரி 3ஆம் திகதி, அந்த வீட்டுச் சிற்றாலயத்தில் நற்கருணை ஆசீர் நடந்துகொண்டிருந்தபோது, நற்கருணை அப்பத்தை வைத்துக் காட்டும் கதிர்ப்பாத்திரத்தில் இயேசுவே தோன்றி ஆசீர்வதித்ததைக் கண்டதாக அங்கே கூடியிருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். சபைக்கு இது இன்றுவரை பெரிய நினைவுநாள். கடவுள் ஒருவருக்கே மகிமை என்பது நொவாய் அவர்களுக்குக் கொடுத்த வாக்கியம்.

நொவாயின் யோசனையில் எனக்குப் பெரிதாகப் படுவது, ஒரே வகை வேலைக்கென்று மட்டும் சபையை அவர் அமைக்கவில்லை என்பது. அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு கிளை, நோயாளிகளை அவர்களின் வீட்டிலேயே போய்ப் பார்க்க ஒரு கிளை, படிப்பிக்க ஒரு கிளை, வீட்டு வேலைகளோடு சேவை செய்ய ஒரு கிளை, மார்த்தியாக் என்ற இடத்தில் தனிமையில் செபத்துக்கென்றே வாழ ஒரு கிளை, போதாதற்குக் கலியாணம் கட்டிய பொதுநிலையினரும் குருமாரும் இணைந்துகொள்ள வழி. நாசரேத்தில் இயேசு, மரியா, சூசையப்பர் வாழ்ந்த அந்தக் குடும்பத்தைப் போல எல்லா நிலையிலும் உள்ளவர்கள் ஒரே குடும்பமாக வேண்டும் என்பது அவர் எண்ணம். கிளைகளுக்கிடையே இருந்த வேறுபாடுகள் பிற்காலத்தில் குறைந்தாலும் அந்த அடிப்படை இன்னும் இருக்கிறது.

அவர்கள் எப்படி யாழ்ப்பாணம் வந்தார்கள்? ஒல்லாந்தர் காலத்தில் இங்கே கத்தோலிக்கம் தடை செய்யப்பட்ட மதம். மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனம் காட்டுக்குள் ஓடிய கதையிலிருந்துதான் மடுமாதாவே வந்தார். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் முனிவர் மாறுவேடத்தில் திரிந்து விசுவாசத்தைக் காப்பாற்றினார். ஆங்கிலேயர் 1806இல் தடைகளை நீக்கினார்கள். 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் வந்தார்கள். ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்க அவர்களால் முடிந்தது, பெண் பிள்ளைகளுக்கு? அமெரிக்க மிஷன் 1824இலேயே உடுவிலில் பெண்கள் பாடசாலை திறந்துவிட்டது. கத்தோலிக்கப் பக்கத்தில் படிப்பிக்கக் கன்னியர் இல்லை. அதே காலத்தில் போர்தோவில் நொவாய் நோயாளியாகி, தனக்குப் பின் சபைக்கு யார் துணை என்று தேடிக்கொண்டிருந்தார். 1858இல் அமலமரித் தியாகிகளின் நிறுவனர் யூஜின் தே மசனெட் ஆயரோடு உடன்பாடு செய்தார். 1861இல் இருவருமே இறந்துபோனார்கள். ஆனால் உடன்பாடு நின்றது. யாழ்ப்பாணத்தின் அன்றைய ஆயர் செமேரியா கேட்டுக்கொண்டபடி 1862இல் முதல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். பாய்க்கப்பல், நீராவிக் கப்பல், மாட்டுவண்டி எல்லாம் ஓடிய காலம். போனால் திரும்பி வருவோம் என்ற எண்ணமே இல்லாமல் வந்த பெண்கள் அவர்கள்.

பிறகு எங்கள் பெண்களே அந்தச் சபையில் சேர்ந்தார்கள், நடத்தவும் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று பணி பரவியது. வவுனியா இறம்பைக்குளத்து மகளிர் மகா வித்தியாலயத்தை ஊர் இன்றைக்கும் கொன்வென்ட் என்றுதான் சொல்லும். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1960, 1961 ஆண்டுகளில் அரசு சட்டம் கொண்டுவந்து உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. நாடு முழுவதும் பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அப்படி அரச பாடசாலைகளாயின. கொன்வென்ட் என்று பெயர் இருந்தாலும் பாடசாலை அரசுடையதாக இருப்பதும், பக்கத்து வளவில் மடமும் விடுதியும் சபையுடையதாக இருப்பதும் இதனால்தான். சிஸ்டர்மார் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. நியமனம் பெற்று அரச ஆசிரியர்களாகவும் அதிபர்களாகவும் அதே வகுப்பறைகளில் நின்றார்கள்.

வன்னிக்கு என்னைக் கேட்டால் பாடசாலையைவிடப் பெரிய உதவி விடுதிதான். வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு இது விளங்காது. நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் உள்ளே, குளத்தடிக் குடியேற்றங்களில் இருக்கும் ஒரு பெண் பிள்ளை, ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் காட்டுப் பாதையில் சைக்கிள் மிதிக்க வேண்டும், மாரியில் பாதையே இருக்காது, பஸ் வந்தால் வரும். கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். படிப்பை நிறுத்துவதா தொடர்வதா என்பதை விடுதியில் ஒரு கட்டில் கிடைப்பதுதான் தீர்மானித்தது. ஞாயிறு பின்னேரம் அப்பாமார் சைக்கிள் கரியரில் அரிசி, தேங்காய், ஒரு குலை வாழைக்காய் என்று கட்டிக்கொண்டு வருவார்கள், கட்டணத்துக்குப் பதிலாக அதையே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் ஆனை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்ட விளக்கு, ஒரு விளக்கைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள், இரவுப் படிப்பு முடியும்வரை நித்திரை தூங்காமல் சிஸ்டர் ஒருவர் வரிசைக்கிடையே நடந்துகொண்டிருப்பார். அந்த வெளிச்சத்தில் படித்துத் தாதியாகவும் ஆசிரியராகவும் வந்த பெண்கள் இன்றைக்கு வன்னியின் பாடசாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் சைவர்கள்.

1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் வன்னிக்குள் வந்தபோதும், 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் எடுத்தபோதும், கடைசி யுத்தத்தில் சனம் கிழக்கே கிழக்கே நகர்ந்தபோதும் சிஸ்டர்மார் சனத்தோடு நகர்ந்தார்கள். அது தனிப்பட்ட வீரம் மட்டுமல்ல, கூட்டாக யோசித்து எடுத்த தீர்மானமும்கூட. பிறகு செட்டிகுளத்து முகாம்களிலும், மீள்குடியேற்றத்திலும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மாரோடும், கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களோடும் வேலை தொடர்ந்தது. தையல் பயிற்சி, முன்பள்ளி, உளவளத்துணை, வீடு வீடாகப் போய் இருந்து கதைப்பது. கடைசியாகச் சொன்னதைச் சின்னதாக நினைக்க வேண்டாம். ஒரு தாய் எட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்வதற்கு, அவசரப்படாமல் கேட்டுக்கொண்டு இருக்கும் ஒரு ஆள் வேண்டும். திட்டக் காலம் முடிந்ததும் பெட்டியைக் கட்டும் நிறுவனங்களால் அது முடியாது.

எல்லாச் சிஸ்டர்மாரும் ஒரே சபை என்று நினைத்துவிடக் கூடாது. ஆவணி மாதம் மடுத் திருவிழாவுக்குப் போனால் விதவிதமான உடுப்பில் அவர்களைக் காணலாம். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை என்றால் அன்னை தெரேசாவின் பிறரன்பு மறைபரப்புச் சபை. அவர் முதலில் வேறொரு சபையில் ஆசிரியராக இருந்தவர். 1948இல் அனுமதி பெற்று வெளியேறி, 1950இல் கல்கத்தாவில் தன் சபைக்கு அங்கீகாரம் பெற்றார். அவருடைய சபையில் மூன்று வார்த்தைப்பாட்டுக்கு மேல் நாலாவதாக, ஏழைகளிலும் ஏழைகளுக்கு இலவசமாக உழைப்பதாக இன்னொன்றும் உண்டு. இதற்கு நேர்மாறாக, வெளிவேலையைவிடச் செபத்தையும் மௌனத்தையும் முதன்மையாகக் கொண்ட சபைகள் இருக்கின்றன. 1928இல் யாழ்ப்பாணம் தோலகட்டியில் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை அந்த வகை, பிற்பாடு பெண்களுக்கும் அதில் ஒரு சபை உருவானது. உடுப்பு மாறியதற்கும் காரணம் இருக்கிறது: உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், சபைகள் தங்கள் நிறுவனரின் நோக்கத்துக்குத் திரும்பி, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறவேண்டும் என்று சொன்னது. ஐரோப்பியக் குளிருக்குத் தைத்த நீளமான கறுப்பு உடுப்பு போய், எங்கள் வெயிலுக்கேற்ற வெள்ளையும் சேலையும் வந்தன.

இன்றைக்குச் சபைகளுக்கு இருக்கும் பெரிய பிரச்சினை ஆள் குறைவு. ஒரு வீட்டில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் இருந்த காலத்தில் ஒருத்தி மடத்துக்குப் போவதைப் பெருமையாக அனுப்பினார்கள். யுத்தத்தில் பிள்ளைகளை இழந்து, மிச்சப் பிள்ளையும் வெளிநாடு போக, இருக்கும் ஒரே மகளை யார் விடுவார்கள்? பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வயதான சிஸ்டர்மாரைச் சபையே கடைசிவரை பார்க்க வேண்டும், பராமரிக்க இளையவர்கள் வேண்டும், பணிக்கும் ஆள் வேண்டும். அதனால் சில மடங்களை மூடி, இருக்கிறவர்களைத் தேவை கூடிய இடத்துக்கு மாற்ற வேண்டி வருகிறது. உங்கள் ஊர் மடத்தில் இப்போது இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். சிஸ்டராகாமலே உதவ விரும்புகிறவர்களுக்கும் வழியிருக்கிறது. திருக்குடும்பச் சபையில் பொதுநிலை இணைப்பாளர்கள் என்று, குடும்ப வாழ்க்கையில் இருந்துகொண்டே சபையின் பணியில் பங்கெடுப்பவர்கள் உண்டு. அப்படிச் சேர வேண்டாம் என்றாலும், கணக்கு விஞ்ஞானம் படிப்பிக்கத் தெரிந்த யாராவது வாரத்தில் இரண்டு பின்னேரம் விடுதிப் பிள்ளைகளுக்கு வந்து சொல்லிக் கொடுத்தால், எந்த மதர் வேண்டாம் என்பார்?